பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் அம்மா மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம்.

மலர் போடலாம் என்று தம்பி சொன்னதும் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நல்லபடியா எழுதும்மா. ஆனா அந்த மாத்திர சமாச்சாரம்லாம் வாணாம். ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆவல. நாலு பேரு கைக்குப் போற பொஸ்தகம்" என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பார். தன் மனது இரண்டு முறை நோயில் விழுந்ததையும், மாத்திரை சாப்பிட்டு எழுந்ததையும் உத்திரமேரூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொன்னவர் அவர். அவர் ஊரெல்லாம் சொன்னதை நான் மறைத்து எழுதினால், இது வேறு யாரோ ஒரு அம்மாவின் மலராகிவிடும். இதைப் படித்துவிட்டுப் பெண் வேண்டாம் என்கிற மாப்பிள்ளை எனக்கும் வேண்டாம். பெரியப்பா மன்னிக்கவும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் கல்யாணமான பெண் ஒருத்தி இறந்தால், அவளுடைய பிறந்த வீட்டார் புதுப்புடவை கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். அந்தக் கோடி வராமல் எடுக்கமாட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரிந்ததுதான். வெளியூர் நண்பர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லி வந்து நிற்க ஒருவரும் இல்லை. ஆயுசுக்கும் அவரை அரித்த குறை அது ஒன்றுதான்.

அம்மா பிறந்தது ஒடிசா மாநிலத்தின் மேற்கே, மழையை மட்டும் நம்பி ஒரு போகம் விளைகிற சிற்றூரில். தகப்பனார் முகம் அவருக்கு நினைவில்லை. இருபது வயதுகூட நிறையாதபோது, தாயாரை ஊரில் விட்டுவிட்டு அண்ணன், அண்ணியோடு ரயிலேறி, பெருநகர் பக்கத்தில் செய்யாற்றங்கரையில் இருக்கும் செங்கல் சூளைக்கு வந்தார். தை பிறந்ததும் வந்து, கல் அறுத்து, மழைக்கு முன் ஊர் திரும்புவது அந்த ஜனங்களின் வழக்கம். அண்ணன் மண் மிதிப்பார். அம்மா அச்சில் போட்டுக் கல் அறுப்பார். அண்ணி பச்சைக்கல்லைத் திருப்பித் திருப்பிக் காயவைப்பார். வடக்கிலிருந்து யார் வந்தாலும் 'இந்திக்காரங்க' என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். அம்மாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கடைசிவரை அவர் ஊருக்கு இந்திக்காரம்மாதான்.

அப்பா அந்தச் சூளையில் கல் ஏற்றுகிற லாரி ஓட்டினார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் எப்படிப் பழகினீர்கள் என்று நாங்கள் எத்தனையோ தடவை நச்சரித்திருக்கிறோம். அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். அப்பா மட்டும் ஒரு பொங்கலன்று, "பேசினாத்தான சண்ட வரும்? நாங்க பேசவே இல்ல, அதான் ஒத்துப்போச்சி" என்றார். உத்திரமேரூரில் ஒரு கோயிலில் கல்யாணம் நடந்தது. அம்மாவின் அண்ணன் வரவில்லை. சூளை ஜனங்கள் ஊர் திரும்பிய அன்று அம்மா சாலையோரம் போய் நின்றார். அண்ணன் சூளை டிராக்டரில் இருந்தபடி அவரைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் இந்தப் பக்கத்துச் சூளைக்கு வரவேயில்லை.

மறு வருஷம் ஐப்பசி அடைமழையில் நான் பிறந்தேன். முதல் பிரசவத்துக்குப் பெண்கள் தாய்வீடு போவார்கள். அம்மாவுக்குப் போக இடமில்லாததால் அத்தை பார்த்துக்கொண்டார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் பக்கத்து வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவர். வாய் ஊரைக் கூட்டும். அது கூட்டி முடிப்பதற்குள் கை வேலையை முடித்திருக்கும். பிள்ளை பெற்ற உடம்பு என்று பூண்டுக் குழம்பும், சுட்ட கருவாடும், மிளகு ரசமும், ஆவி பறக்கிற சோறுமாகப் பத்தியம் வடித்துப் போட்டார். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. குழந்தை பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பொறந்த வூட்லேர்ந்து யாரும் வர்லியா?"

அம்மாவுக்கு அப்போது கொஞ்சம் தமிழ்தான் புரியும். அந்தக் கேள்வி மட்டும் நன்றாகப் புரிந்தது.

அப்புறம் அம்மா பேசுவதை நிறுத்தினார். தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு ஓடுவார், பார்ப்பார், வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நாளாக நாளாக அந்த ஓட்டமும் நின்றது. மடியில் என்னைப் போட்டால் பால் கொடுப்பார். நான் அழுதால் தூக்கமாட்டார். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். ஒரு மத்தியானம் அத்தை வந்து பார்த்தபோது நான் தூளியில் கத்திக்கொண்டிருந்தேனாம். அம்மா கொல்லைக் கிணற்றுச் சுவர் மேல் உள்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை சத்தம் போடாமல் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வாழ்நாளில் சத்தம் போடாமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று அத்தையே சொல்வார். அன்றிலிருந்து அம்மாவைத் தனியாக விடவில்லை.

காற்று பட்டுவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பூசாரி வேப்பிலை அடித்தார், எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொடுத்தார். அம்மா குணமாக வேண்டும் என்று அத்தை வேண்டிக்கொண்டு தானே தீச்சட்டி எடுத்தார். தெரிந்ததை முழுமனதோடு செய்தார்கள். அதில் நான் குறை காணமாட்டேன். ஆனால் அம்மா அப்படியேதான் இருந்தார்.

எனக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா என்னை எடை போட்டுவிட்டு, "கொழந்த நல்லாத்தான் கீது. அம்மா எப்டிக் கீறாங்க?" என்று கேட்டாராம். அதுவரை வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி. உள்ளே போய்ப் பார்த்தவர், மறுவாரமே அம்மாவையும் அப்பாவையும் உத்திரமேரூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே மனநல டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். பிரசவத்துக்குப் பிறகு பல தாய்மார்களுக்கு வருகிற நோய்தான், சொந்த பந்தம் விட்டு வந்தவர்களுக்கு இன்னும் பாரமாக இருக்கும், குணமாகும் என்று சொல்லி மாத்திரை எழுதினார். அவர் அம்மாவிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அப்பாவே பதில் சொன்னதைப் பார்த்துவிட்டு, "அவங்க பாஷை பேசுற பொம்பளை யாராவது கிடைச்சா கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சொல்லணும்" என்றார்.

மழைக்காலம், சூளையில் ஈ காக்கை இல்லை. அப்பா லாரியை எடுத்துக்கொண்டு விசாரித்துக்கொண்டே போனார். வாலாஜாபாத் பக்கம் ஒரு அரிசி ஆலையில் ஒடிசாக் குடும்பங்கள் நெல் அவித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தன. அங்கே ஒரு நடுத்தர வயது அம்மாளிடம் சைகையிலும் பாதித் தமிழிலும் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் அந்த அம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் எதிரில் தரையில் அமர்ந்து ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். அப்பாவுக்கு அது என்ன என்று தெரியவில்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பேசினார். அழுதுகொண்டே பேசினார், மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினார், பொழுது சாய்கிறவரை பேசினார்.

"நான் வாசல்ல நின்னுக்கினு கேட்டேன்" என்பார் அப்பா. "ஒண்ணும் புரியல. ஆனா இவ்ளோ பேச்சு இவளுக்குள்ள இருந்துச்சான்னு பயந்தே பூட்டேன்."

அத்தனை நாளும் அம்மா ஊமையாக இருக்கவில்லை. காது கிடைக்காமல் இருந்திருக்கிறார்.

அந்த அம்மாள் போகும்போது அத்தையிடம் ஒன்றைக் கேட்டார்: இவள் என்ன சாப்பிடுகிறாள்? அத்தை பெருமையாகப் பத்தியத்தைச் சொன்னார். அந்த அம்மாள் அடுக்களையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் எங்கள் வீட்டுப் பழைய சோற்றுப் பானை இருந்தது. அதைக் காட்டி, இது வேண்டும் என்று அழுகிறாள் என்றார். பழைய சோற்றை அவர்கள் 'பகால்' என்பார்கள். அவர்கள் ஊரில் அது தாய் கையால் பிசைந்து கொடுக்கிற சாப்பாடு. எங்கள் வீட்டிலும் தினமும் காலையில் எல்லோரும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்ச்சி ஆகாது, குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அம்மாவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அம்மா கை நீட்டியபோதெல்லாம் அத்தை பானையை நகர்த்தி வைத்திருக்கிறார்.

அத்தை அந்தப் பானையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "சளி புடிச்சா புடிக்கட்டும், டாக்டராண்ட காட்டிக்கலாம்" என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தோடு அம்மா கையில் கொடுத்தார். அம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். எனக்குச் சளி பிடித்ததா என்று தெரியவில்லை. பிடித்திருந்தாலும் அத்தை ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.

பழைய சோறு தின்று நோய் தீர்ந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பல மாதம் தவறாமல் சாப்பிட்டார். அரிசி ஆலை அம்மாளும் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து, கேட்டதையும் சொன்னதையும் மாற்றி மாற்றிச் சொல்லி உதவினார். கொஞ்சம் கொஞ்சமாக அம்மா திரும்பி வந்தார். என்னைத் தூக்கினார். தலை வாரிக்கொண்டார். தமிழ் பேச ஆரம்பித்தார். அதுவும் அத்தையிடம் கற்ற தமிழ். பள்ளிக்கூடத்தில் நான் 'என்ன' என்று சொல்லக் கற்றுக்கொண்டு வந்தால், அம்மா "இன்னா?" என்பார்.

எனக்கு ஒரு வயது முடிந்த தையில், சூளையில் புது ஜனங்கள் வந்து இறங்கியதும் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். ஞாயிறு அங்கே அரைநாள் வேலை. அன்று தொடங்கியது, கடைசிவரை ஒவ்வொரு பருவத்திலும் ஞாயிறு மத்தியானம் அம்மா சூளையில்தான். கையில் ஒரு தூக்கு நிறையப் பழைய சோறு. போனதும் பெண்களைக் கேட்பார்: சாப்பிட்டாயா, தூங்கினாயா? அவ்வளவுதான் அவர் வைத்தியம். பதில் சரியில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். மனநல டாக்டர் வருகிற நாளில் அவர்களை உத்திரமேரூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவார். அந்த டாக்டர் மாற்றலாகிப் போன பிறகு வந்தவர்களும் அம்மாவைக் கண்டால் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்வார்கள்.

நான் கண்ணால் பார்த்ததை ஒன்று சொல்கிறேன். சபித்ரி என்று ஓர் இளம்பெண் ஒரு வருஷம் வந்திருந்தாள். கைக்குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு, மூத்த பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். வந்த சில வாரத்தில் அச்சைப் போட்டுவிட்டு மண்மேட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பிறகு அழக்கூட இல்லை. வேலைக்குக் கள்ளம் என்றார் மேஸ்திரி. புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான். அம்மா அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் போட்டுவிட்ட அச்சை எடுத்து, அவள் அந்த வாரம் விட்டிருந்த கல்லை அவள் இடத்தில் குந்தி அறுக்கத் தொடங்கினார். அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் அவர் கை மறக்கவில்லை. வரிசை வரிசையாகப் பச்சைக்கல் விழுந்தது. மேஸ்திரி கல்லை எண்ணிப் பார்த்தார், போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்து ஒரு ஞாயிறு சபித்ரி தானே எழுந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள், மெதுவாகப் பேசினாள். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கும் போனாள். மறு வருஷம் மூத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இன்று வரை வருகிறாள்.

இவ்வளவும் செய்த அம்மாவையே நோய் மறுபடியும் தள்ளியது. நான் பத்தாம் வகுப்பு, தம்பி ஆறாம் வகுப்பு. அம்மாவின் தாயார் இறந்துவிட்டார் என்ற செய்தி, சூளைக்கு வந்த ஒருவர் வழியாக, காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. அம்மா பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இந்த முறை அத்தை கோயிலைத் தேடவில்லை. "எந்திரி. மாத்திர டாக்டராண்ட போலாம்" என்று கையைப் பிடித்து எழுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சூளைப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு தரையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கையிலும் தூக்கு இருந்தது.

அப்படி ஒரு ஞாயிறு அம்மா எங்களுக்குப் புரிகிற தமிழிலேயே அத்தையிடம் சொன்னார்: "எங்கம்மாவுக்கு நான் ஒரு துணி போடல. நான் போனா எனக்கு யாரு கோடி போடுவா?"

அத்தை, "நீ எங்க போற, சும்மா இரு" என்று அதட்டினார். பக்கத்தில் இருந்த சபித்ரி தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். எனக்கு அந்தப் பாஷை அரைகுறை. அவள் வேகத்துக்குப் பிடிபடவில்லை. அம்மா அவள் கன்னத்தைத் தட்டினார். சில மாதத்தில் அம்மா மீண்டும் எழுந்தார். தூக்கு மீண்டும் சூளைக்குப் போனது.

கடைசி ஆண்டுகளில் சர்க்கரையும் இருதயமும் படுத்தின. படுத்தியதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. சென்ற மாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் சூளைக்குக் கொண்டுபோகச் சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மார்பு வலிக்கிறது என்றார். தம்பி வண்டி எடுத்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா எங்களை விட்டுப் போனார்.

மறுநாள் வாசலில் கிடத்தியிருந்தோம். சூளை ஆட்கள் மூலம் ஒடிசாவில் அம்மாவின் அண்ணனுக்குப் போனில் செய்தி சொல்லியாயிற்று. அவர் அழுதார், ஆனால் வந்து சேர முடிகிற தூரமா அது? வெயில் ஏறியது. சடங்கு செய்ய வந்தவர், "பொறந்த வூட்டுக் கோடி எடுத்துக்கினு வாங்க" என்று குரல் கொடுத்தார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா எழுந்து, "என் மச்சான் வூட்ல இருந்து போட்டுடலாம். பேருக்குத்தான?" என்றார்.

அத்தைக்கு வந்ததே கோபம். "பேருக்குப் போட அவ இன்னா அநாதியா?" என்றார். ஆனால் வேறு வழி அவருக்கும் தெரியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தெருமுனையில் டிராக்டர் சத்தம் கேட்டது.

சூளை டிராக்டர். பின்னால் பெட்டி நிறையப் பெண்கள். முழங்கால் வரை காய்ந்த மண். அப்படியே வேலையிலிருந்து வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு புடவை. ஊர் திரும்பும்போது கட்டிக்கொள்வதற்கென்று டிரங்குப் பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிற புடவைகள் அவை. எனக்கு அவற்றைத் தெரியும். முன்னால் சபித்ரி வந்தாள். "அக்காவுக்குக் கோடி கொண்டாந்தோம்" என்றாள். "அன்னிக்கு அக்கா கேட்டுச்சில்ல, யாரு போடுவான்னு? நான் போடறேன்னு சொன்னேன். இவங்கல்லாம் நாங்களும் போடுவோம்னு வந்துட்டாங்க."

அத்தை எழுந்தார். கூட்டத்தைப் பார்த்து, "வழி உடுங்க. பொறந்த வூட்டுக்காரங்க வந்துகீறாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தெருமுனை வரை நடந்துபோய், சம்பந்தி வீட்டாரை எதிர்கொள்கிற முறைப்படி சபித்ரியின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார். மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடித்துக்கொண்டு எதிரே போய் அவர்களை அழைத்துவந்தார்கள்.

பச்சை, நீலம், ரோஜா என்று ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த புடவைகளில் அம்மாவின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. இளம்பெண்களும் நரை கண்டவர்களுமாக அத்தனை பெண்கள். சிலரை எனக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. எனக்கு அழுகை நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய பிறந்த வீடு எந்தப் பெண்ணுக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

நன்றி சொல்ல வேண்டும். அன்று 'அம்மா எப்படி இருக்கிறார்' என்று கேட்ட நர்ஸம்மாவுக்கு. உத்திரமேரூர் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும், மாத்திரை எடுத்துக்கொடுத்தவர்களுக்கும். எங்கே இருக்கிறார் என்று இன்று தெரியாத அரிசி ஆலை அம்மாளுக்கு. பந்தல் போட்டவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், பதினாறு நாளும் வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கும். கடைசியில் மனம் மாறி, 'எழுதறத முழுசா எழுது' என்று சொன்ன பெரியப்பாவுக்கு. பழைய சோற்றுப் பானையை இன்றும் நகர்த்தாமல் வைத்திருக்கும் அத்தைக்கு.

அச்சகத்தில், பின் அட்டையில் பிறந்த வீட்டார் என்ற தலைப்பின் கீழ் என்ன பெயர் போடுவது என்று கேட்டார்கள். சூளைப் பெண்கள் அத்தனை பேர் பெயரையும் போடச் சொன்னேன். இடம் பற்றாது என்றார்கள். அப்பா படத்தைச் சின்னதாக்கச் சொன்னேன். அப்பாவுக்கு அதில் வருத்தமில்லை.

அம்மாவின் பிறந்த வீட்டாரே, இந்த மலர் உங்களுக்குப் படிக்க வராது. வரும் ஞாயிறு மத்தியானம் நானே சூளைக்கு வந்து, என் அரைகுறைப் பாஷையில் சொல்லிக் காட்டுகிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. தூக்கு கொண்டுவருகிறேன். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று நான்தான் கேட்பேன்.

மகள்